இடது மூலையில் கரும்பலகை

தொகியே எடுத்த எந்தப் படத்தைப் பார்த்தாலும் இடது பக்கம் கீழ் மூலை காலியாகத்தான் இருக்கும். தங்கை மகள் கல்யாணத்தில் அவள் எடுத்த பதினொரு படங்களிலும் மணப்பெண் வலது ஓரமாக ஒதுங்கி நிற்கிறாள். இடது பக்கம் மண்டபத்துத் திரைச்சீலை தாராளமாகத் தொங்குகிறது. "ஏன்க்கா, என் பொண்ணு என்ன பஸ்ஸுக்கா நிக்கறா, இப்படி ஓரமா?" என்று தங்கை கேட்டாள். தொகியேவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.  பதின்மூன்று வருஷமாக அந்த மூலையில் கரும்பலகைக்கு இடம் விட்டே பழகிய கண், கல்யாணம் என்றால் மட்டும் திருந்திவிடுமா?

அவள் வேலை பார்ப்பது, இதோயிகாவா என்ற கடலோர ஊர்ப் பக்கத்து மலைச்சாலைகளில் தடுப்புச் சுவர் கட்டும் சின்ன நிறுவனத்தில். டீ போடவும் போன் எடுக்கவும்தான் முதலில் அவளைச் சேர்த்தார்கள். படம் எடுத்துக்கொண்டிருந்தவன் சரிவில் உருண்டு காலை முறித்துக்கொண்ட அன்று, முதலாளி மினாகாவா கேமராவை அவள் மேஜைமேல் வைத்து, "பொத்தானை அமுக்கினாப் போதும், வேற ஒண்ணும் தெரிய வேணாம்" என்றார். அவன் திரும்பி வரவே இல்லை. அவளுக்கு அப்போது வயது முப்பத்துமூன்று.

பொத்தானை அமுக்கினால் போதும் என்றது பெரிய பொய். கரும்பலகை இல்லாத படம் அந்த வேலையில் படமே இல்லை. கம்பி கட்டி முடித்ததும், கான்கிரீட் போட்டு மூடுவதற்கு முன்னால், வேலையின் பெயர், இடம், நிலை, தேதி நான்கையும் சாக்கட்டியால் எழுதி, கம்பிக்குப் பக்கத்தில் ஒருவரைப் பிடிக்கச் சொல்லி, அளவுகோலையும் கட்டிவைத்து எடுக்க வேண்டும். மூடிய பிறகு உள்ளே கம்பி இருந்ததற்கு அந்தப் படம்தான் சாட்சி. ஓர் எழுத்து மங்கினாலும் அதிகாரி தள்ளிவிடுவார். எடுத்த படம் எப்படி வந்திருக்கிறது என்று கடையில் கழுவி வருகிற மூன்று நாளும் தெரியாது. அந்த மூன்று நாளும் தொகியேவுக்குச் சோறு இறங்காது.

ஆனாலும் அந்தக் கேமராமேல் அவளுக்கு உயிர். கட்டட வேலைக்கென்றே செய்தது. சுற்றிலும் தடித்த ரப்பர், கையுறையோடு அமுக்கும்படி கட்டைவிரல் அகலத்தில் பொத்தான். விலை மலிவுதான். சாரத்திலிருந்து இரண்டு முறை விழுந்திருக்கிறது. ஒரு முறை சிமென்ட் பாலில் முங்கியதைக் குழாயடியில் கழுவி, கழுத்துத் துண்டால் துடைத்து, அன்று மத்தியானமே படம் எடுத்தாள். முதலாளி கோல்ஃப் பயணத்துக்கென்று வாங்கிய தோல் உறை போட்ட கேமரா ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துப்போனது. அதை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் உள்ளுக்குள் சிரிப்பு வரும்.

பிலிம் சுருளில் இருபத்துநான்கு படம். ஒரு நாள் வேலை பதினெட்டோ பத்தொன்பதோ தின்னும். மிச்சம் அவளுக்கு. யாரும் கொடுத்த உரிமை இல்லை, அவளே எடுத்துக்கொண்டது. அதில் முகங்களை எடுப்பாள். வேலைப் படத்தில் யாருக்கும் முகம் கிடையாது. கரும்பலகைக்குப் பின்னால் ஒரு ஹெல்மெட், கீழே இரண்டு ரப்பர் பூட்ஸ், அவ்வளவுதான். மிச்சத்தில் எடுத்த முகங்களை மேஜை இழுப்பறையில் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள்.

கரும்பலகை பிடிப்பதற்கென்றே பிறந்தவர் மாதிரி இருந்தவர் மேஸ்திரி உஷிகி ஜின்பெய். நாற்பத்தொரு வருஷ சர்வீஸ். அவர் பிடித்தால் பலகை கோணாது, ஆடாது. இது நடந்த வருஷக் கடைசியோடு அவருக்கு ஓய்வு. நாற்பத்தொரு வருஷத்தில் அவர் பெயரில் ஒரு கரும்புள்ளி கிடையாது. அது அவருக்கு உள்ளூரப் பெருமை என்பது எல்லோருக்கும் தெரியும்.

நவம்பர் பதினேழாம் தேதி. சுவரின் ஏழாம் பகுதிக்குக் கம்பி கட்டியாயிற்று. காலையிலேயே கடல் பக்கமிருந்து மழையும் பனியும் கலந்து சாய்த்து அடித்தது. பத்து மணிக்கே விளக்கு வைக்கிற இருட்டு. கான்கிரீட் லாரி ஒரு மணிக்கு வந்துவிடும்.

"சீக்கிரம் எடும்மா, விரல் மரத்துப் போச்சு" என்றார் ஜின்பெய், பலகைக்குப் பின்னாலிருந்து.

"கொஞ்சம் நிமித்திப் பிடிங்க மேஸ்திரி. அவ்வளவுதான்."

எட்டுப் படம் எடுத்தாள். இருட்டினால் அந்தக் கேமராவில் ஃபிளாஷ் தானாக அடிக்கும். அதை நிறுத்த ஒரு பொத்தான் உண்டு. எல்லாவற்றையும் பெரிதாக வைத்த மகராசன் அதை மட்டும் அரிசி மணியளவு வைத்திருந்தான். கையுறையைக் கழற்றி அதைத் தேட அவளுக்குப் பொறுமை இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் கம்பிக்கு மேல் நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, ஜின்பெய் அதற்கடியில் உட்கார்ந்து சோற்று உருண்டை தின்றார். துடைத்து வைத்த கரும்பலகை அவருக்குப் பக்கத்தில் கம்பிமேல் சாய்ந்திருந்தது. எழுத்து கரைந்திருக்கவே தொகியே அதில் மறுபடி எழுதி வைத்திருந்தாள், மழை விட்டால் இன்னும் ஒன்று எடுக்கலாமே என்று. மழை விடவில்லை. அவள் மிச்சப் படத்துக்குக் கேமராவைத் தூக்கினாள்.

"ஹெல்மெட்டைக் கழட்டுங்களேன். முகமே தெரியல."

"இந்த மூஞ்சியப் பாத்து என்ன பண்ணப் போற?" என்றார். ஆனால் கழற்றினார். தலைமுடி தட்டையாக ஒட்டியிருந்தது. உதட்டில் ஒரு சோற்றுப் பருக்கையோடு சிரித்தார்.

மூன்றாம் நாள் படம் வந்தது. எட்டுப் படத்திலும் கம்பி பளிச்சென்று இருந்தது. எட்டிலும் கரும்பலகை வெறும் வெள்ளைச் சதுரம். நனைந்த பலகையில் ஃபிளாஷ் பட்டு நேராகத் திருப்பி அடித்திருக்கிறது. பதின்மூன்று வருஷம் வேலை பார்த்த பெண்ணுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும் அன்றைக்கு மறந்து தொலைத்தாள். படங்களை மேஜைமேல் பரப்பிப் பார்த்துவிட்டு, கழிப்பறைக்குப் போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்தாள். வந்து பார்த்தபோதும் வெள்ளையாகத்தான் இருந்தது. அதற்குள் சுவரை மூடியாயிற்று என்பதால் அவற்றையே ஆல்பத்தில் ஒட்டினாள்.

டிசம்பர் நடுவில் பொதுப்பணி அதிகாரி ஓனுகி வந்து ஆல்பத்தைப் புரட்டினார். ஏழாம் பகுதிக்கு வந்ததும் நிறுத்தினார்.

"இது எந்தச் சுவர்?"

"ஏழாம் பகுதிங்க சார்" என்றார் முதலாளி.

"எங்க எழுதியிருக்கு?"

முதலாளி தொகியேவைப் பார்த்தார். 

"வேற படம் இருந்தா நாளன்னிக்குள்ள கொண்டாங்க. இல்லன்னா மூணு இடத்துல உடைச்சுக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் மேலே ஒருவர் கேட்பார்.

உடைத்தால் பனியில் மறுபடி கட்ட முடியாது. கெடு தப்பும். கெடு தப்பினால் அடுத்த வருஷம் வேலை கொடுக்கிற பட்டியலில் நிறுவனத்தின் பெயர் இருக்காது. பதினான்கு பேருக்கு அதுதான் பிழைப்பு. முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் தொகியேவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பிஸ்கட் டப்பாவின் ஞாபகம் அவளுக்கு உடனே வந்துவிட்டது. அதில்தான் அந்தப் படம் இருந்தது. வலது பக்கம் ஜின்பெய். நடுவில் கம்பியும் அளவுகோலும். இடது கீழ் மூலையில், அவள் வழக்கம்போல விட்ட காலி இடத்தில், துடைத்துக் காய்ந்த கரும்பலகை, ஏழாம் பகுதி, நவம்பர் பதினேழு என்று ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக. அதோடு ஜின்பெய்யின் வெறுந்தலையும். அந்த வருஷம் வேறொரு இடத்தில் தலையில் கல் விழுந்து ஒருவர் செத்ததிலிருந்து, வேலையிடத்தில் ஹெல்மெட் இல்லாமல் யார் இருந்தாலும் வேலை முடியும்வரை உள்ளே விடக்கூடாது என்று உத்தரவு. மன்னிப்பே கிடையாது.

ஒரு நாள் முழுக்க அந்தப் படத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். தலையை மட்டும் வெட்டிவிடலாமென்றால் முடியாது, நெகட்டிவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கடைசியில் சாயங்காலம் சாமான் கொட்டகைக்குப் போய் ஜின்பெய்யிடம் நீட்டினாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இதை வெச்சுக்கிட்டா நேத்துலேர்ந்து திரிஞ்சே?"

"குடுத்தா உங்களை வெளிய நிறுத்திடுவாங்க மேஸ்திரி. இன்னும் பத்து நாள்தான் இருக்கு உங்களுக்கு."

"எனக்குத் தெரியாதா? ஹெல்மெட்டைக் கழட்டுன்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"பலகைய நிமித்திப் பிடின்னு சொன்னது?"

"அதுவும் நான்தான்."

"ரெண்டும் நீதான். நடுவுல நான் ஒரு மாங்கா மடையன், சொன்னதெல்லாம் கேட்டேன்." படத்தைத் திருப்பி அவள் கையில் திணித்தார். "கொண்டு போய்க் குடு. நான் கட்டின சுவத்தை என் கண்ணு முன்னால உடைக்கறதை விட இது எவ்வளவோ மேலு."

பெருந்தன்மையாக ஒன்றும் சொல்லவில்லை அவர். நிஜமாகவே கோபம். அதன் பிறகு அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

ஓனுகி பூதக்கண்ணாடி வைத்துக் கம்பிகளை எண்ணினார். "பலகை தெரியுது. இடைவெளி சரி. ஏழாம் பகுதி ஏத்துக்கிட்டாச்சு." அப்புறம் அவர் விரல் மெதுவாக வலது பக்கம் நகர்ந்தது. "இது யாரு?"

அன்று மத்தியானமே ஜின்பெய் தன் மண்வெட்டியையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு, வேலையிடத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றைத் தாண்டி வெளியே போனார். படமும் நெகட்டிவும் அரசாங்க அலமாரிக்குப் போயின. முதலாளி தொகியேவைக் கூப்பிட்டு, "இனிமே பன்னெண்டு படச் சுருள்தான். மிச்சம் விழக் கூடாது. ஒவ்வொண்ணும் எதுக்குன்னு எழுதி வெக்கணும்" என்றார். சுவரைக் காப்பாற்றியது அந்த மிச்சம்தான் என்று அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. அதற்குப் பதில் ஒரு நோட்டை எடுத்து ஒன்று முதல் பன்னிரண்டுவரை எண் போட்டாள். 

டிசம்பர் இருபத்தேழு, வேலை முடிந்த படம் எடுக்கிற நாள். வேலை தொடங்குமுன் எந்த இடத்தில் நின்று எடுத்தார்களோ, அதே இடத்தில் நின்று எடுக்க வேண்டும். எண்ணிப் பன்னிரண்டு எடுத்தாள். பன்னிரண்டாவது முடிந்து கேமராவைத் தாழ்த்தியபோது சாலைக்கு எதிர்ப்புறம் ஜின்பெய் நிற்பதைப் பார்த்தாள். கயிற்றுக்கு வெளியே, வெறுந்தலையோடு. அங்கே நிற்க யார் உத்தரவும் வேண்டாம். வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய கரும்பலகையை நெஞ்சுக்குக் கீழே பிடித்திருந்தார். அதில் எழுதியிருந்தது:

வேலை: உஷிகி ஜின்பெய். நிலை: முடிந்தது.

பத்து நாளுக்குப் பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு, "ஒண்ணு எடு" என்பது.

தொகியே கேமராவைத் தூக்கினாள். அது உர்ரென்று முனகிக்கொண்டு பிலிமைப் பின்னால் சுற்ற ஆரம்பித்தது.

"எடுத்தாச்சா?"

"பிலிம் தீந்து போச்சு மேஸ்திரி." அவளுக்கு அந்தக் கேமராவைச் சுவரில் ஓங்கி அடிக்க வேண்டும் போலிருந்தது. அடித்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. அதை நினைக்க எரிச்சல் இன்னும் கூடியது. "இருங்க, நகராதீங்க. வாங்கிட்டு வந்துடறேன்."

"எங்க போகப் போறேன், எனக்குத்தான் வேலை இல்லியே" என்றார் அவர்.

பிலிமும் விற்கிற துறைமுகத்துப் புகையிலைக் கடைவரை வண்டியை விரட்டினாள். கடைக்காரம்மா சாவகாசமாகத் தேடி முப்பத்தாறு படச் சுருள் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். திரும்பும்போது பனிமழை பிடித்துக்கொண்டது. ஜின்பெய் விட்ட இடத்திலேயே நின்றார். போகிற லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். தலை நனைந்து, பலகை நனைந்து, ஆனால் கோணாமல், ஆடாமல். தொகியே மூன்று படம் எடுத்தாள். மூன்றிலும் அவர் சிரித்தார்.

வருஷப் பிறப்பு விடுமுறை முடிந்து படம் வந்தது. மூன்றிலும் முகம் சுருக்கம் சுருக்கமாகத் தெரிந்தது. மூன்றிலும் இடது கீழ் மூலையில் ஒரு வெள்ளைச் சதுரம். கடை வாசலிலேயே நின்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். ஒரே தப்பை ஒரே குளிர்காலத்தில் இரண்டு தரம் செய்தவள் இந்த ஊரில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

மறைக்கவும் மனமில்லாமல் நேரே அவர் வீட்டுக்குப் போனாள்.

"பலகை மறுபடியும் வெளுத்துப் போச்சு மேஸ்திரி. ஒரு எழுத்துகூடத் தெரியல. வெயில் அடிக்கறப்ப இன்னொரு தரம் எடுத்துடலாம்."

ஜின்பெய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதை ஆபீசுல வாங்கிக்குவாங்களா?"

"மாட்டாங்க. எழுத்துத் தெரியாத படத்தை யாரு வாங்குவாங்க?"

"அப்பச் சரி, இது அவங்க அலமாரிக்குப் போகாது" என்று சொல்லி, படத்தைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.