பச்சைப் பெயிண்ட் ஏறிய போல்ட்டுகள்

சாத்தூர் பைபாஸ் ரோட்டில் இருக்கும் தன் போல்ட் கடைக்கு வருபவர்களிடம் மாரிசெல்வி முதலில் அளவு கேட்பதில்லை. "எது ஆடுது?" என்றுதான் கேட்பார். லாரியா, அச்சு மெஷினா, தீக்குச்சி அடுக்கும் மெஷினா? எவ்வளவு ஆட்டம், எந்த இரும்பில் முடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்த பிறகே பெட்டிக்குள் கை போகும். பதில் தெரியாதவர்கள் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். எரிச்சல்பட்டு வேறு கடைக்குப் போனவர்கள் உண்டு. அதற்காக அவர் வருந்தியதில்லை.

சின்ன வயதில், ஊரில் தீப்பெட்டி ஆபீஸ் என்று சொல்லும் தீப்பெட்டித் தொழிற்சாலையில் குச்சி அடுக்கியவர். திருமணத்துக்குப் பிறகு, கணவர் முனியராஜின் லாரிப் பட்டறையில் கழற்றிப் போட்ட போல்ட்டுகளைப் பிரித்து வைக்கத் தொடங்கினார். எது ஏன் ஒடிந்தது, எது ஏன் கழன்றது என்று அங்கே பழகியது. பிறகு பட்டறையின் முன்பக்கத்தைத் தடுத்துக் கடை போட்டார்.

ஆடும் மெஷினுக்கு அவர் தருவது பிளேஞ்ச் போல்ட். ஆறுபட்டைத் தலைக்கு அடியிலேயே அகன்ற வட்டத் தட்டு சேர்ந்து வரும். தட்டு அழுத்தத்தைப் பரப்பிவிடும். தனி வாஷர் வேண்டாம், அது நழுவி மெஷினுக்குள் விழும் பயமும் இல்லை. இரும்பில் முடுக்க, தட்டின் அடியில் பல் வெட்டியது. அலுமினியம் என்றால் பல் இல்லாதது. லாரிக்காரர்கள் அதைப் பாவாடை போல்ட் என்றார்கள். முதலில் முறைத்தவர், பிறகு தானும் அப்படியே சொல்லத் தொடங்கினார்.

2006இல், ஆயுதபூஜை முடிந்த வாரம், ஒரு தீப்பெட்டி ஆபீசின் போர்மேன் சங்கரபாண்டியன் வந்து மேஜைமேல் ஒரு பையைக் கவிழ்த்தார். பூஜைக்கு முன்பு அவர் வாங்கிப்போன பிளேஞ்ச் போல்ட்டுகள்.

"டூப்ளிகேட் சரக்கத் தள்ளி விட்டுட்டீகளே தாயி! குச்சி அடுக்குற மெஷினு சாமி வந்த மாதிரி ஆடுது. அம்புட்டும் கழண்டு போச்சு."

கடையில் நின்ற லாரிக்காரர்கள் தங்கள் கையிலிருந்த போல்ட்டைத் திருப்பிப் பார்த்தார்கள். டூப்ளிகேட் என்ற சொல் சாயங்காலத்துக்குள் சிவகாசி போய்ச் சேர்ந்துவிடும். அப்புறம் அந்தக் கடையில் ஆணிகூட விற்காது.

மாரிசெல்வி ஒரு போல்ட்டைத் தலைகீழாகப் பிடித்தார். பற்களின் இடுக்கெல்லாம் பச்சைப் பெயிண்ட்.

"பூசைக்கு மெஷினுக்குப் பெயிண்ட் அடிச்சீகளா, அண்ணாச்சி?"

"வருசா வருசம் அடிக்கிறதுதான். சாமிக்கு முன்னால அழுக்கா நிறுத்துவாகளா? போல்ட்டக் கழட்டிட்டு சந்துபொந்தெல்லாம் அடிச்சோம்."

"காயுறதுக்குள்ள திருப்பி மாட்டிட்டீக."

"பெயிண்ட் கோந்து மாதிரில்லா பிடிக்கும்?"

"அது பஞ்சு மெத்தை மாதிரி, அண்ணாச்சி. ஆட ஆட அமுங்கும். அமுங்குனா முடுக்கு தளரும்."

"வாயாலயே முடுக்கிருவீக போல."

மாரிசெல்வி, அவருக்குப் போல்ட் எடுத்துத் தந்த அதே பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

மெஷின் மேல் வருடக்கணக்கில் பெயிண்ட்டுக்கு மேல் பெயிண்ட் ஏறியிருந்தது. போல்ட் இல்லாமல் நின்ற அதன் ஒரு பக்கக் காலில் மட்டும் போல்ட் உட்காரும் இடங்களை இரும்பு வெள்ளியாகத் தெரியும்வரை சுரண்டித் துடைத்தார். மறுபக்கத்தைத் தொடவில்லை. இரண்டு பக்கமும் அதே பெட்டிப் போல்ட், அதே ஸ்பேனர், அவருடைய கை. பிறகு அங்கே குச்சி அடுக்கும் கருப்பம்மாள் என்ற பெண்ணிடம் நெயில் பாலிஷ் வாங்கி, ஒவ்வொரு தலையிலிருந்தும் அடியிரும்புவரை ஒரு கோடு இழுத்தார்.

"யக்கா, போல்ட்டுக்கு நகப்பூச்சா? கல்யாணமா?"

"மாப்பிள்ளை யாருன்னு சாயங்காலம் தெரியும்."

மெஷின் ஓடியது. அவர் வெறுங்கையோடு உட்காரவில்லை. கையால் குச்சி அடுக்கும் பழைய மரச்சட்டம் ஒன்றை எடுத்து அடுக்கினார். விரல்கள் மறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அவர் வேகத்தைப் பார்த்து வியந்து சிரித்தார்கள்.

சாயங்கால மணி அடித்ததும் மெஷினை நிறுத்திக் கூடிப் பார்த்தார்கள். பெயிண்ட் இருந்த பக்கத்தில் கோடுகள் முறிந்து, போல்ட் தலையில் இருந்த பாதியும் அடியிரும்பில் இருந்த பாதியும் விலகியிருந்தன. சுரண்டிய பக்கத்தில் ஒரு கோடும் அசையவில்லை.

சங்கரபாண்டியன் குனிந்து ஒவ்வொன்றையும் விரலால் தடவினார். நிமிர்ந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"இது பூசைக்குப் பெயிண்ட் அடிச்சதால வந்த வினைதான்! சரக்கு நல்ல சரக்குத்தான் தாயி. மறுபக்கத்தையும் சுரண்டிருவோம்."

"விக்கும்போதே நானும் கேட்டிருக்கணும். இனிமே கேப்பேன். ஆனா டூப்ளிகேட்டுன்னு சொன்னது கடையில வச்சு. அங்கன வந்து மாத்திச் சொல்லணும்."

"போன்ல சொல்லட்டுமா?"

"பையைக் கொட்டுனது போன்லயா?"

கருப்பம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை, கடையில் கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்துச் சங்கரபாண்டியன் வந்தார். கூச்சத்தில் பாதிக் குரலில், "நேத்து நான் சொன்னது தப்பு. சரக்கு சுத்தம். நாங்கதான் பெயிண்ட்டு மேல முடுக்கிட்டோம்" என்றார்.

மாரிசெல்வி வேறொருவருக்குப் போல்ட் எண்ணிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"பின்னால நிக்கிறவுகளுக்குக் கேக்கல, அண்ணாச்சி."

அவர் ஒருமுறை செருமிவிட்டு, பைபாஸ் ரோட்டில் போகும் லாரிக்குக் கேட்கும்படி மறுபடி சொன்னார்.