அமுக்கினால் எழும்பிய கட்டி

"...கொழுப்புக் கட்டின்னுதான் எங்க அண்ணனுக்கும் சொன்னோம். பக்கத்துல உக்காந்து சொன்னதே நான்தான். ஒரு மழைக்குக்கூட தாங்கல, போய்ச் சேந்துட்டாரு. இப்ப எனக்கே அந்தக் கதைய சொல்றீங்களா டாக்டரம்மா?"

எண்டோஸ்கோப்பி டேபிளில் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்த கீரப்பாளையம் நெல் வியாபாரி கேட்ட கேள்வி இது. 2007. சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் ஸ்கோப் டெக்னீஷியன். வார்டு வேலைக்குச் சேர்ந்து, பார்த்துப் பார்த்துக் கை பழகியவன்.

அவருக்குப் பல மாதமாக வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும் வலி. ஆள் இளைத்துவிட்டார். சி.டி. ஸ்கேனில் பெருங்குடலின் வலப்பக்கம் எலுமிச்சை அளவில் ஒரு கட்டி தெரிந்தது. சட்டைக் கை உள்ளே மடங்கிக்கொள்வதுபோல, அது குடலைக் குடலுக்குள்ளேயே இழுத்துச் சொருகியிருந்தது. கட்டி முழுக்கக் கொழுப்பு, லிப்போமா. அந்த அளவில் குடலில் வருவது அபூர்வம். அதை நேரில் பார்க்கப் போகிற பரபரப்பில் டாக்டரம்மாவுக்கும் எனக்கும் காப்பி குடிக்கக்கூடத் தோன்றவில்லை. ஆனால் ஆபரேஷன் செய்யாமல் விட்டால் என்றைக்காவது குடல் அடைத்து அழுகிவிடும். அப்புறம் உயிருக்கே உத்தரவாதம் இல்லை.

அவரோ ஆபரேஷனே வேண்டாம், வீட்டில் கிடந்து சாகிறேன் என்றார். புற்றுநோயை மறைத்துப் பேசுகிறோம் என்று அவருக்குச் சந்தேகம். எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. புற்றுநோய் என்றால் ஊருக்கே தெரியும், நோயாளிக்கு மட்டும் சாதாரணக் கட்டி. அன்று காலையில்கூட அவர் மச்சான் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, எதுவாக இருந்தாலும் மாமாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினார். அவர் கையில் மாமாவின் வாட்ச். உள்ளே வரும்போது, நீயே வைத்துக்கொள் என்று கழற்றிக் கொடுத்துவிட்டாராம்.

டாக்டரம்மா வாதாடவில்லை. மயக்க ஊசியைக் குறைத்துப் போட்டு, மானிட்டரை அவர் முகத்துக்கு நேரே திருப்பச் சொன்னார். கேமரா வைத்த ஸ்கோப் குழாய் குடலுக்குள் மெல்ல ஏறியது. கடைசியில், மஞ்சளாக, வழவழவென்று கட்டி வந்து நின்றது. ஃபோர்செப்ஸ் இடுக்கியை மூடியபடி உள்ளே விட்டு அமுக்கினேன். தலையணை மாதிரி குழிந்தது. எடுத்தேன், பொம்மென்று எழும்பியது.

"புத்துநோயா இருந்தா இப்படிக் குழியாதுங்க, கெட்டியா நிக்கும்" என்றார் டாக்டரம்மா.

வியாபாரி மானிட்டரையே கண்ணெடுக்காமல் பார்த்தார். "யாரு வயித்தயோ படம் புடிச்சு வச்சுப் போட்டுக் காட்டலியே?"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நீங்களே சொல்லுங்க, எப்ப அமுக்கணும்னு."

"இப்ப." அமுக்கினேன். "எடு." எடுத்தேன். "சும்மா இரு." இருந்தேன். நான் அசந்த நேரம் பார்த்து, "இப்ப!" என்றார். அதற்கும் குழிந்தது.

"என்னுதுதான்" என்றார். பிறகு டாக்டரம்மாவிடம், எப்போது அறுக்கலாம் என்று கேட்டார்.

ஆபரேஷனில் எடுத்த கட்டி, லேபிலும் லிப்போமா என்றே வந்தது. வாயால் சொல்லும் நல்ல சேதியை நம்ப முடியாத வீடுகளும் இருக்கின்றன என்று நான் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான். அதன்பின், விழித்திருக்கும் நோயாளி பார்க்க விரும்பினால் மானிட்டர் அவர் பக்கம்தான் திரும்பியிருக்கும்.

அன்று ஸ்ட்ரெச்சரை வெளியே தள்ளி வந்ததும் மச்சான் முகத்தைச் சரிசெய்துகொண்டு ஓடிவந்தார். "ஒண்ணுமில்ல மாமா, வெறும் கொழுப்புக் கட்டிதான்."

"தெரியும்டா" என்றவர், வாட்ச்சைக் கட்டிவிடச் சொல்லிக் கையை நீட்டினார்.