மூன்று பூச்சுப் பசை

"இன்னும் ஒடி. இன்னும். பயப்படாம ஒடி, ஸ்டியரிங் கையோட வந்துடாது."

சிமெண்டுத் தரையில் மல்லாந்து கிடந்தபடி ஓட்கேர் சொல்கிறான். மேலே பிக்கப்பில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைக் கடைசிவரை வளைப்பவள் அவனுடைய தம்பி மனைவி ஸ்வாலா. அவன் கண்களை மூடியிருக்கிறான். நாற்பத்தாறு அங்குல டயர் முழுக்கத் திரும்பும்போது எங்கேயாவது தகரத்தில் பட்டால் லேசாகச் செருமுவது போலக் கேட்கும். கேட்ட இடத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு போடுவான். பிறகு அறுக்கும் மெஷினை எடுத்து, வண்டியைப் புதிதாக வாங்கியவன் பார்த்தால் அழுதுவிடுகிற மாதிரி மட்கார்டை அறுத்துத் தள்ளுவான்.

ஐஸ்லாந்தின் தென்கிழக்குக் கரையில், பனிமலைக்குக் கீழே இருக்கும் இந்த ஊரில் டயர் மாற்ற அவனைவிட்டால் ஆளில்லை. வயது ஐம்பத்தேழு. மூக்குப்பொடியைப் புறங்கையில் வைத்துத்தான் இழுப்பான். விரலில் எப்போதும் கறுப்பு மை போல ரப்பர் அழுக்கு. பாதிரியாரையே பெயர் சொல்லி நீ என்கிற ஊர் இது. ஆனாலும் மனிதர்களை ஓட்கேர் டயர் அங்குலத்தில்தான் அளப்பான். பாதிரியார் முப்பத்தைந்து: "நல்ல மனுஷன், ஆனா தார்ரோட்டை விட்டு இறங்க மாட்டான்." மீன் லாரி ஓட்டும் எர்ப்பூர் முப்பத்தெட்டு, "அதுவும் ஒரு பக்கம் தேஞ்சது."

"அப்ப நீ எத்தனை?" என்று எர்ப்பூர் ஒருமுறை மடக்கினான்.

"நான் ஸ்டெப்னி," என்றான் ஓட்கேர்.

அவனுடைய பெரிய கிறுக்கு பசை விஷயத்தில். பனியில் ஏறுகிறவர்கள் டயரில் இருக்கும் காற்றை ஏறக்குறைய முழுக்க இறக்கிவிடுவார்கள். அப்போதுதான் அது அகலமாகப் பரந்து, புதையாமல் மேலே நிற்கும். ஆனால் காற்றிறங்கிய டயர் ரிம்மைவிட்டு நழுவப் பார்க்கும். அதனால் இரண்டையும் பசை போட்டு ஒட்டிவிடுவது இங்கே வழக்கம். மற்ற ஊர்க் கடைகளில் ஒரு பூச்சு. ஓட்கேர் கடையில் மூன்று, ஒவ்வொன்றும் காய ஒரு முழு நாள். அவசரம் என்று வருகிறவனுக்கு வாசலைக் காட்டிவிடுவான்.

"ஏம்ப்பா, நீ மாட்டின டயரைக் கழட்டணும்னா நான் லாரியையே கழட்டணும்போல இருக்கே," என்பான் எர்ப்பூர்.

"கழட்டாதே. அது உனக்கு அப்புறமும் இருக்கட்டும்."

ஓட்கேர் ஒட்டியது என்றால் அந்த வட்டாரம் முழுக்க ஒரு மதிப்பு. நூறு கிலோமீட்டர் தாண்டியும் வண்டிகள் வருகின்றன. யாராவது அதைப் புகழ்ந்தால் போதும், ஓட்கேர் காற்றடிக்கும் மெஷினைப் போட்டுவிட்டு அந்த இரைச்சலுக்குள் போய்விடுவான்.

ஏழு வருடங்களுக்கு முந்தைய பிப்ரவரியில் ஊர் மீட்புக் குழுவின் பிக்கப்புக்கு முப்பத்தெட்டைக் கழற்றி நாற்பத்து நான்கு போடும் வேலை அவனிடம் வந்தது. வேலை முடிவதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. அன்று மாலை குளிர்கால விருந்து. புதைத்து நாறவைத்த சுறாவையும் சுட்ட ஆட்டுத்தலையையும் வைத்துக்கொண்டு ஊரே குடித்து ஆடும். பசை நாற்றம் பிடித்த கையோடு அங்கே யாரும் போகமாட்டார்கள். நான்கு டயரையும் பசை போடாமல், சோப்புத் தண்ணீர் மட்டும் தடவிப் புது ரிம்மில் ஏற்றினான். திங்கட்கிழமை கழற்றிப் பசை போட்டுக்கொள்ளலாம் என்று குளிக்கப் போய்விட்டான். விருந்தில் தம்பி கௌத்தியும் ஸ்வாலாவும் வெகுநேரம் ஆடினார்கள். ஓட்கேர்தான் கைதட்டித் தாளம் போட்டான்.

ஞாயிறு காலை கௌத்தி பனிவண்டியில் மலைமேல், ஏறுகிறவர்கள் ஒதுங்கும் குடிசையைப் பார்த்து வரப் போனான். பதினோரு மணிக்கு ரேடியோவில் கூப்பிட்டான். வண்டி நின்றுவிட்டது, புயல் கிளம்புகிறது என்றான்.

மீட்பு வண்டியில் ஓட்கேரும் ஏறினான். பசை போடவில்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் பழைய டயரை மாட்ட இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். தாங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டான். சரிவில் காற்றை இறக்கி நூறு அடி போவதற்குள் முன் டயர் நழுவியது. அந்தப் புயலில் அதை ரிம்மில் திரும்ப ஏற்ற நான்கு மணி நேரம் பிடித்தது. முதல் இரண்டு மணி நேரமும் கௌத்தி ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தான்.

"டயர் யார் பாக்குறா, ஓட்கேரா? அப்ப சரி," என்று ஒருமுறை சிரிக்கக்கூடச் செய்தான்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பனிவண்டி இருந்தது. ஆள் இல்லை.

நேரம் சரியில்லை என்றது ஊர். டயர் நழுவுவது யாருக்கும் புதிதில்லை. சோப்புத் தண்ணீரைப் பற்றி எவரும் கேட்கவில்லை, ஓட்கேரும் சொல்லவில்லை.

அடுத்த வசந்தத்தில் தன் சொந்த பிக்கப்பில் நாற்பத்திரண்டு மாட்டி, தம்பியைத் தேடி மேலே போனான். பனியும் தண்ணீரும் குழம்பிக் கிடந்த இடத்தில் வண்டி புதைந்து திரும்பினான். பிறகு நாற்பத்து நான்கு. இந்த வருடம் நாற்பத்தாறு. டயர் பெரிதாகப் பெரிதாக வண்டியில் அறுக்கத் தகரம் குறைந்துகொண்டே வருகிறது. பனிமலை நகர்ந்துகொண்டே இருப்பது, அதன் பிளவுக்குள் விழுந்தவன் விழுந்த இடத்திலேயே இருக்கமாட்டான் என்பது, அடிவாரத்துக்கு வந்து சேர நூறு வருடம் ஆகலாம் என்பது எல்லாம் அவனுக்குத் தெரியும். கௌத்தி கிடைக்கமாட்டான். தேடுவதையும் நிறுத்திவிட்டால் மீதி நாட்களை எதை வைத்து ஓட்டுவது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு மே மாதமும் ஸ்வாலா காப்பிக் குடுவையோடும், முறுக்கிப் பொரித்த இனிப்புப் பொட்டலத்தோடும் கடைக்கு வந்துவிடுவாள். ஸ்டியரிங் ஒடிப்பாள். பசை பூசுவாள். ஒருமுறை பசை பட்ட ரிம்மில் என்ன சுரண்டினாலும் அந்தச் சொரசொரப்பு போகாது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும். ஓட்கேர்தான் அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தான். இப்போது அவனைவிட அவள் விரல் கெட்டி.

இந்த முறை ஒடித்துப் பார்த்த டயரைக் கழற்றி, வியாழக்கிழமை முதல் பூச்சு பூசி முடித்ததும் அவள் தூரிகையைக் கீழே வைத்தாள்.

"இந்த வருஷம் மேல போகவேணாம், ஓட்கேர்."

"டயர் உரசலையே. நல்லாத்தானே திரும்புது."

"உரசலை. இருந்தாலும் போதும். ஞாயித்துக்கிழமை சர்ச் கல்லறைத் தோட்டத்துல அவனுக்கு ஒரு கல் வைக்கிறோம். உடம்பு இல்லேன்னா என்ன, பேராவது இருக்கட்டும். நீதான் பேசணும்."

"எனக்கு எங்க பேச வருது? பாதிரி பேசட்டும்."

"அவன் முப்பத்தஞ்சுன்னு நீதானே சொல்லுவே." அவள் சிரித்துவிட்டுக் காப்பியை ஊற்றி அவன் பக்கம் தள்ளினாள். "பெருசா ஒண்ணும் வேணாம். அன்னைக்கு அந்தப் புயல்ல நாலு மணி நேரம் அந்த டயரோட மல்லுக்கட்டினியே, அதைச் சொல்லு. குளிர்ல ரெண்டு விரல் கறுத்துப்போய் வந்து நின்னே. அவனுக்காக அதுக்கு மேல யாரால என்ன செய்யமுடியும்? ஏழு வருஷமா உனக்கு நன்றின்னு ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லணும்."

ஓட்கேர் காப்பியைத் தொடவில்லை. இந்த நன்றியை வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் எப்படி நிற்பது? எழுந்து ஏணியில் ஏறிப் பரணுக்குப் போனான். சாக்கில் சுற்றிய ஒன்றைத் தோளில் வைத்து இறங்கிவந்து அவள் மடியில் இறக்கினான்.

"என்ன இது?"

"அன்னைக்கு நழுவின ரிம்மு. மீட்பு வண்டிக்கு வேற ரிம்மு போட்டப்ப எடுத்து வெச்சேன். இதுல வேற டயர் ஏத்தினதே இல்லை."

"இதை ஏன் எங்கிட்ட குடுக்குறே?"

ஓட்கேர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஸ்வாலா சாக்கைப் பிரித்தாள். பழக்கத்தில் அவள் விரல் ரிம்மின் உள்விளிம்புக்கு, டயர் வந்து உட்காரும் இடத்துக்குப் போயிற்று. காற்றுக்குழாய் நுழையும் ஓட்டையில் தொடங்கி மெல்ல நகர்ந்தது. பாதியில் ஒரு கணம் நின்றது. பிறகு சுற்றிவந்து அதே ஓட்டையைத் தொட்டது. விளிம்பு முழுவதும் வழுவழுவென்று இருந்தது.

அவள் நிமிரவில்லை. விரலைப் பாவாடையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு, ஓட்டையிலிருந்து மறுபடியும், முன்னைவிட மெதுவாகத் தடவத் தொடங்கினாள்.