பெயர் கேட்ட முகம்

பேய், காத்து, கருப்பு என்று யாராவது பேச்செடுத்தால் முதலில் சிரிக்கிற ஆள் நான்தான். தங்கச்சிமடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறேன். கடலுக்குள் வெளிச்சம் தெரிந்தது, செத்தவர் குரல் கேட்டது என்று பிள்ளைகள் கதை கொண்டுவந்தால், உட்காரவைத்து அதற்கெல்லாம் காரணம் சொல்லி அனுப்புகிறவள். அதனால் நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் ஒரு மாதிரி பார்த்தால் எனக்கு வருத்தம் கிடையாது. என் வீட்டில் நடந்திராவிட்டால் நானும் அப்படித்தான் பார்ப்பேன்.

மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிற சமயம், பள்ளிக்கூட வேலைக்கென்று புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினேன். வாங்கியதும் முதல் வேலையாக எங்கள் போட்டோக்களை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். பழைய செல்போன்களில் கொஞ்சம், மெமரி கார்டுகளில் கொஞ்சம், என் தங்கை கொடுத்த பென்டிரைவில் கொஞ்சம் என்று வீடு முழுக்கச் சிதறிக் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து, சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்தேன். வருஷ வாரியாகப் பிரித்துப் போட்டேன். ஒரே படம் நாலைந்து தடவை வந்திருந்தால் அழித்தேன். நல்ல வெயில், ஜன்னல் திறந்திருந்தது, பக்கத்து வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பயப்படுகிற மாதிரி ஒன்றுமே இல்லாத மத்தியானம்.

அந்தக் கம்ப்யூட்டர் படங்களில் இருக்கிற முகங்களைத் தானாகவே கண்டுபிடித்து, ஆளுக்கு ஒரு வட்டமாக வெட்டி வரிசையில் வைத்து, 'இவர் யார்? பெயர் சேர்க்கவும்' என்று கேட்கும். எனக்கு அது விளையாட்டு மாதிரி இருந்தது. என் முகத்துக்கு என் பெயரைப் போட்டேன், மகள் முகத்துக்கு ஆன்சி, வீட்டுக்காரர் முகத்துக்கு சூசை. அப்படியே போட்டுக்கொண்டு வந்தபோது கடைசி வட்டத்தில் எனக்குத் தெரியாத ஒரு முகம் இருந்தது. ஆண் முகம், கலங்கலாகத் தெரிந்தது. ஈரத் தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது, கண் மூடியிருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது.

யாரோ கல்யாண வீட்டில் குறுக்கே வந்தவராக இருக்கும் என்று அதைத் திறந்தேன். உள்ளே நிறையப் படங்கள். எல்லாமே என் வீட்டுக்காரர் இருக்கிற படங்கள். ஆனால் அந்த ஆள் ஒன்றில்கூட இல்லை. நம்புங்கள், பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். முகம் இருப்பதாகக் கம்ப்யூட்டர் கட்டம் போட்டுக் காட்டுகிற இடத்தில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. இன்னொன்றில் கொடியில் காய்கிற சட்டை, வேறொன்றில் சுவர்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. மேகத்தில் நாம் யானை பார்க்கிறோமே, அதே மாதிரி இந்த மெஷினும் துணியிலும் தண்ணீரிலும் முகம் பார்க்கிறது, அவ்வளவுதான். அப்படியே விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் அந்தப் படங்களைத் தேதி வாரியாக அடுக்கினேன்.

முதல் படம் ஆன்சி சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை எடுத்து, புதுநன்மை வாங்கிய அன்று கடற்கரையில் எடுத்தது. கட்டம் எங்கோ தூரத்து அலையில், கடுகளவு இருந்தது. அடுத்த வருஷத்துப் படத்தில் கரைக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்கடுத்துப் படகு ஓரம், பிறகு எங்கள் வீட்டு வாசல், பிறகு அவருக்குப் பின்னாலிருந்த கொடி. ஒவ்வொன்றிலும் கட்டம் பெரிதாகிக்கொண்டே வந்தது, அவரை நெருங்கிக்கொண்டே வந்தது. கடைசிப் படம், அதற்கு முந்தின வாரம் படகுக்குப் பெயின்ட் அடித்தபோது நானே எடுத்தது. அதில் கட்டம் சூசையின் முகத்தின் மேலேயே இருந்தது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் ஒரு கேள்வி வந்தது. இடது பக்கம் சூசை, வலது பக்கம் அந்த ஈரத் தலை. 'இவர்கள் இருவரும் ஒரே நபரா?' இல்லை என்று அழுத்தினேன். மறுபடியும் கேட்டது. இல்லை என்றேன். மறுபடியும் கேட்டது. எத்தனை தடவை அழுத்தினேன் என்று தெரியவில்லை, கடைசியில் சுவிட்சை அணைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றுகொண்டேன்.

மறுநாள் காலையில் தடைக்காலம் முடிந்து முதல் தொழில், படகுகள் கடலுக்குப் போகிற நாள். சூசை சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் வாசலை மறித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன்.

"ஏ புள்ள, நீ டீச்சர்தான? கம்ப்யூட்டர் சொல்லுச்சுன்னு தொழிலுக்குப் போகாம இருக்கச் சொல்ற. வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். இன்னைக்கி ஒரு நாள் போகாதீங்க."

"மரியதாஸ் அண்ணன் அங்கன காத்துக்கிட்டு இருக்காரு. வழிய விடு."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தேன். மூச்சு முட்டுகிறது என்றேன். அத்தனையும் நடிப்பு. அவர் பயந்துபோய்த் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, படகை ஓட்டுகிற மரியதாஸ் அண்ணனுக்கு போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். ஒன்றும் இல்லை, ஓய்வெடுங்கள் என்றார்கள். படகு அவர் இல்லாமல் போனது. அன்று முழுக்கக் காற்றும் இல்லை, மழையும் இல்லை, கடல் தாம்பாளம் மாதிரி கிடந்தது. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

அதற்கடுத்த நாள் விடிந்து நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. மரியதாஸ் அண்ணன். கரைக்குக் கிட்டே வந்து சிக்னல் கிடைத்ததும் கூப்பிட்டிருக்கிறார். அவர் குரல் மாதிரியே இல்லை.

"ஏம்மா, சூசை வீட்டுலதான இருக்கான்?"

"இங்கனதான் இருக்காரு அண்ணே, டீ குடிக்கிறாரு. ஏன்?"

"அவன்ட்ட போனக் குடும்மா. அவன் பேசுறத நான் கேக்கணும்."

கொடுத்தேன். இவர், "சொல்லுங்கண்ணே, என்ன மீன்பாடு கெடச்சுச்சு?" என்று கேட்டார். அந்தப் பக்கம் அவ்வளவு பெரிய மனுஷன் ஓவென்று அழுதது எனக்கே கேட்டது.

வலையை இழுத்துப் படகில் கொட்டியபோது மீனோடு ஒரு ஆள் பிணம் வந்திருக்கிறது. படகில் இருந்த எல்லாரும் ஒரே சமயத்தில் "சூசை!" என்று அலறியிருக்கிறார்கள். அதே முகம், அதே மீசை, புருவத்துக்கு மேலே இருக்கிற தழும்புகூட. ஈரத் தலைமுடி நெற்றியில் ஒட்டி, வாய் லேசாகத் திறந்து கிடந்ததாம். நான் பார்த்த வட்டத்தைப் பற்றி அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. நானோ என் வீட்டுக்காரரோ யாரிடமும் சொல்லவில்லை.

படகு வந்து நிற்கிற ஜெட்டிக்கு நாங்கள் ஓடினோம். போலீஸ் வந்து நின்றிருந்தது. தார்ப்பாயை விலக்கியபோது அந்த உடம்புக்கு முகமே இல்லை. மீன் தின்று, எலும்பு தெரிந்தது. பல வாரம் தண்ணீரில் கிடந்த உடம்பு என்று சொன்னார்கள்.

"ஏத்தும்போது முகம் இருந்துச்சுடா," என்று மரியதாஸ் அண்ணன் என் வீட்டுக்காரரின் கன்னத்தைத் தடவித் தடவிச் சொன்னார். "நாந்தான்டா கண்ண மூடிவிட்டேன். உன் கண்ணத்தான்டா மூடிவிட்டேன்."

அந்த ஆள் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. யாரும் தேடி வரவும் இல்லை. போலீஸ் வேலை எல்லாம் முடிந்த பிறகு, ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, நாங்களே எங்கள் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். சிலுவையில் எழுதப் பெயர் இல்லை.

அடக்கம் முடிந்த அன்று சாயங்காலம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைத் திறந்தேன். அந்த ஈர முகத்து வட்டம் இல்லை. சரி, விட்டது சனியன் என்று மூச்சு விட்டேன். அப்புறம்தான் கவனித்தேன், சூசை என்று நான் பெயர் போட்ட வட்டமும் இல்லை. படங்கள் அப்படியே இருக்கின்றன, அவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். ஆனால் அவருக்கு முகம் இருப்பதாக அந்த மெஷினுக்குத் தெரியவில்லை. கையாலேயே கட்டம் வரைந்து பெயர் போட்டுப் பார்த்தேன். மறுநாள் திறந்தால் காணோம்.

கம்ப்யூட்டர்க் கோளாறு என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடையில் கொடுத்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். இப்போது அவர் பழையபடி தொழிலுக்குப் போகிறார், நன்றாகச் சாப்பிடுகிறார், மரியதாஸ் அண்ணனோடு சீட்டு விளையாடுகிறார். ஒரு குறையும் இல்லை. நான்தான் அவரைப் போட்டோ எடுப்பதையே விட்டுவிட்டேன்.

போன வாரம் ஆன்சி விடுதியிலிருந்து புது செல்போனோடு வந்தாள். அன்று வந்திருந்த என் தங்கை குடும்பத்தோடு எங்கள் எல்லாரையும் வாசலில் படத்துக்கு நிற்கவைத்தாள். நான் அவள் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். போன் திரையில் என் தங்கை முகத்தில் மஞ்சள் கட்டம் விழுந்தது, தங்கை வீட்டுக்காரர் முகத்தில் விழுந்தது, இடுப்பில் இருந்த கைக்குழந்தைக்குக்கூட விழுந்தது.

ஆன்சி போனை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள், "அப்பா, நீங்க மட்டும் இருட்டுல நிக்கிறீங்க. கொஞ்சம் வெயிலுக்கு வாங்க."

அவர் வெயிலில்தான் நின்றுகொண்டிருந்தார்.