காக்கைச் சீட்டுகள்

மாணிக்கராஜ் சார் கட்டிலில் சாய்ந்தபடி காலண்டர் தாளைக் கத்தரிக்கோலால் சீட்டுச் சீட்டாக நறுக்கிக்கொண்டிருப்பார். சங்கரன்கோவிலில் முப்பது வருஷம் இங்கிலீஷ் வாத்தியார். மனைவி இறந்துவிட்டாள், பிள்ளை இல்லை, காசநோய். 1978-இல் சர்ச் சபையார் என்னை அவருக்கு நர்ஸாக அமர்த்தினார்கள்.

சீட்டுகளில் எழுதுவதெல்லாம் ஒரே பறவையைப் பற்றி: 'க்ரோ', நம் காக்கை. சேவல் கூவினாலும், ஒருவன் பெருமையடித்தாலும், பச்சைப்பிள்ளை குதூகலமாகச் சத்தமிட்டாலும் இங்கிலீஷில் அதே சொல்லாம். கண்ணோரச் சுருக்கம் காக்கைக் கால். கடப்பாரையின் பெயரிலும் காக்கை, 'க்ரோபார்'. நேர்கோட்டுத் தூரம் காக்கை பறக்கும் தூரம்.

"வாசுதேவநல்லூருக்கு பஸ்ஸுல எத்தனை மைல், காக்கா போனா எத்தனை மைல்?" என்பார்.

"காக்காய்க்கு டிக்கெட் கிடையாது சார். மாத்திரைய முழுங்குங்க."

அந்தச் சீட்டுகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் புத்தகமாக அச்சில் பார்த்துவிட வேண்டும். அவருக்கிருந்த ஆசை அவ்வளவுதான்.

ஒரு மத்தியானம் ரத்தமாக இருமினார். விரிப்பிலும், கட்டிலடியில் இருந்த சீட்டுப் பெட்டியின் மூடியிலும் தெறித்தது. ஊசி போட்டதும் அசந்து தூங்கினார். துணியைக் கொதிக்கப் போட்டேன். சளி துடைத்த தாள்களோடு பெட்டியையும் கொல்லையில் வைத்து எரித்தேன். கை பழகிய வேலை, யோசிக்கவில்லை.

சாயங்காலம் கண் விழித்தவர், "பெட்டி எங்கன கிருபா?" என்றார்.

"எரிச்சிட்டேன் சார். ரத்தம் பட்டிருந்துச்சு."

"உள்ளயுமா?"

திறந்தே பார்க்கவில்லை என்று சொன்னேன். அவர் ஏசவில்லை.

"பதினோரு வருசம்ட்டி" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எரிக்க வேண்டியதை எரி, மற்றதை வெயிலில் காயவை, கிருமி செத்துவிடும் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். நான் பாதியைத்தான் செய்தேன். என் கையில் எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள், அதெல்லாம் உறுத்துவதில்லை. இந்தப் பெட்டி இன்றும் உறுத்துகிறது. புத்தகம் வரவேயில்லை. அடுத்த மார்ச்சில் அவரும் போய்விட்டார்.

எரித்த மறுநாள் காலை காலண்டர் தாளை நானே நறுக்கினேன். கஞ்சி கொடுத்துவிட்டு, நினைவிருப்பதைச் சொல்லுங்கள் என்றேன். நான் நறுக்கிய சீட்டு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "கடப்பாரைய எழுது" என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பதினாலு தேறியது. முற்றத்தில் பலகை போட்டு, ஒவ்வொரு சீட்டின் மேலும் ஒரு கல் வைத்து வெயிலில் பரப்பினேன்.