மேரி அக்கா போத்தலைப் படுக்க வைத்த இடம்

1. புகை

மேரி அக்காவின் மோட்டார் சைக்கிள் எங்கள் மலையூரான ரிங்லெட்டின் கடைத்தெருவுக்குள் நுழைவதற்கு முன்பே அதன் புகை வந்துவிட்டது. நீலப் புகை. எதிர்க்கடைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். அக்காவின் பின்னாலேயே அவர் தம்பி தாமஸ் காய்கறி லோரியில் வந்து, என் மோட்டார் ரிப்பேர் கடை வாசலில் நிறுத்தித் தலையை வெளியே நீட்டினான்.

"பாஸ், டெங்கிக் கொசுவுக்கு மருந்துப் புகை அடிக்க ஆள் வந்துருக்கு. கதவ சாத்துங்க."

"அவன் கெடக்கான்," என்று அக்கா எஞ்சினை அணைத்தார். "நீங்க இதப் பாருங்க தம்பி. ஜொகூர் பாரு வரைக்கும் போவணும்."

கப்சாய் என்று நாம் சொல்கிற சின்ன மோட்டார் அது. பழையதுதான், ஆனால் துடைத்து வைத்திருப்பார். மேரி அக்கா தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர். இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நடக்கிற கொழுந்து வெட்டும் மெஷினில் ஒரு பக்கம் அவர்தான். அவருடைய ஒரே மகள் ஸ்டெல்லா நாட்டின் தென்கோடியில், ஜொகூர் பாருவில் இருக்கிறாள். தலைப்பிரசவம். மருமகனுக்கு சிங்கப்பூரில் வேலை. விடியும் முன் கிளம்பி இருட்டிய பிறகு வருகிறவர். பகலில் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. வலி வருவதற்குள் அங்கே போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அக்காவின் கவலை.

பஸ்ஸில் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கும் வளைவுகள் அக்காவுக்கு ஒத்துக்கொள்ளாது. கடைசியாக பஸ்ஸில் இறங்கியபோது வாந்தியெடுத்துத் துவண்டு, ஆஸ்பத்திரியில் தண்ணீர் ஏற்றித்தான் எழுந்தார். காரிலும் அப்படியே. தானே மோட்டார் ஓட்டினால் மட்டும் ஒன்றும் செய்யாது.

"பிஸ்டன் போயிருச்சு லா," என்றான் தாமஸ். "இது தாப்பாவையே தாண்டாது. பேசாம என் லோரியில ஏறு, நான் கொண்டுபோய் விடுறேன்."

"ஒன் லோரியில நான் ஏறுனா, ஒன் முட்டக்கோச கழுவித்தான்டா விக்கணும்."

எனக்குப் பேச்சு வராது. இரண்டு பேர் பேசும்போது நடுவில் நுழைவதும் தெரியாது. "விட்டுட்டுப் போங்கக்கா, பாக்குறேன்" என்று மட்டும் சொன்னேன்.

2. காய்ந்த குச்சி

ஏர் பில்டரைத் திறந்தேன். உள்ளே எஞ்சின் ஆயில் தேங்கி நின்றது. அடியில் ஆயில் வடிக்கும் டிரெய்ன் போல்ட்டைக் கழற்றினால், கீழே வைத்த தட்டு நிரம்பி வழிந்தது. அந்த மோட்டார் எண்ணூறு மில்லிதான் குடிக்கும். வந்தது அதைப்போல ஒன்றரை மடங்கு. எல்லாம் தேன் நிறத்தில், சுத்தமாக. கம்ப்ரெஷன் பார்த்தேன், பிஸ்டனில் குறையே இல்லை. ஆயில் இல்லாமல் செத்த எஞ்சின் எத்தனையோ என் கைக்கு வந்திருக்கிறது. ஆயிலில் மூழ்கியதை அப்போதுதான் பார்த்தேன்.

சாயங்காலம் அக்கா வந்தபோது கேட்டேன். "யாருக்கா ஆயில் ஊத்துனது?"

"நாந்தான். ஸ்டெல்லா விசயம் தெரிஞ்சதுலேருந்து மோட்டார நல்லா வச்சிருக்கேன். காலையில ஜெபம் முடிச்சதும் ஆயில் அளக்குற குச்சிய எடுத்துப் பாப்பேன். காஞ்சு கெடக்கும். ஒரு மூடி ஊத்துவேன். ஒரு நாள் வுட்டதில்ல."

"தெனமும் கொறையுதேன்னு நீங்க யோசிக்கலயா?"

"எங்க கொழுந்து மெஷினு பெட்ரோலு எண்ணெயோட ஆயிலையும் சேத்துத்தான குடிக்குது. இதுவும் குடிக்குதுன்னு நெனச்சேன்."

கொழுந்து மெஷின் டூ ஸ்ட்ரோக். பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும், அது எரிந்துபோகும். கப்சாய் போர் ஸ்ட்ரோக். அதில் ஊற்றிய ஆயில் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். அப்படியென்றால் குச்சி ஏன் காய்ந்திருந்தது? மறுநாள் மோட்டாரைத் தாமஸின் லோரியில் ஏற்றிக்கொண்டு, தோட்டத்துக் குடியிருப்பான லயத்துக்குப் போய்ப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

மேரி அக்கா வீட்டு வாசல் இடது பக்கமாகச் சரிந்து இறங்குகிறது. அந்தச் சரிவில் டபுள் ஸ்டாண்ட் போட்டால் வண்டி சாய்ந்துவிடும். அதனால் லயத்தில் எல்லோரும் சைடு ஸ்டாண்டில் சாய்த்து, டயருக்கு ஒரு கல் வைத்துவிடுவார்கள். சைடு ஸ்டாண்டும் இடது பக்கம், சரிவும் இடது பக்கம். ஆயில் முழுக்க இடப்பக்கம் ஓடிவிடும். குச்சி இருப்பதோ எஞ்சினின் வலப்பக்கம். அது காயாமல் என்ன செய்யும்? அக்கா எவ்வளவு அக்கறையாகப் பார்த்தாரோ அவ்வளவு ஆயில் கூடிவிட்டது.

"சம தரையில வச்சுப் பாக்கணும்க்கா," என்றேன். சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்தேன். ரோடு சரிவு, லயத்து வாசல் சரிவு, மாதா கோயில் வாசலும் சரிவு. எங்கள் மலையில் மட்டமாக இருப்பது அணைத் தண்ணீர் மட்டும்தான்.

அக்கா கொஞ்சம் யோசித்தார். "கொழுந்து நிறுக்கிற எடம் இருக்கே," என்று மோட்டாரைத் தள்ள ஆரம்பித்தார்.

கூரை போட்ட சிமெண்டுத் தரை அது. நடுவில் தராசு. "முந்தி இது கோணலா இருந்துச்சு தம்பி. ஒரே மூட்டைய இந்தப் பக்கம் வச்சா ஒரு எடை, அந்தப் பக்கம் வச்சா ஒரு எடை. நாங்க பொம்பளைங்க எல்லாரும் கங்காணிகிட்ட நின்னு சண்ட போட்டு சிமெண்டு போட வச்சோம். அவரு சமமா இருக்குன்னு சொன்னா நம்பிருவமா? இப்படித்தான் பாத்தோம்." பையிலிருந்து பாதித் தண்ணீர் இருந்த போத்தலை எடுத்து, தரையில் படுக்க வைத்தார். அசையவில்லை. குறுக்காகத் திருப்பி வைத்தார். அப்போதும் அசையவில்லை.

இத்தனை வருடம் மோட்டார் வேலை செய்கிறேன், இது எனக்குத் தோன்றியதில்லை. நான் அளந்து ஊற்றுகிறவன். தரையைப் பற்றி நினைத்ததே இல்லை.

எண்ணூறு மில்லி ஊற்றி, எஞ்சினைச் சற்று ஓடவிட்டு, அணைத்து, ஆயில் கீழே இறங்கக் காத்திருந்தோம். டபுள் ஸ்டாண்டில் நிறுத்தினோம். குச்சியைத் துடைத்து, திருகாமல் உள்ளே விட்டு எடுத்தார் அக்கா. ஆயில் மேல் கோட்டில் நின்றது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

3. கிளம்பும் முன் சொன்னது

அக்காவிடம் சொன்னதையே தூரப் பயணம் போகிற தம்பி தங்கைகளுக்கும் சொல்கிறேன். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே ஆயிலை மாற்றிவிடுங்கள். புறப்படும் காலையில் மாற்றினால், போல்ட் கசிந்தால் கண்டுபிடிக்க நேரம் இருக்காது. காருக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றாதீர்கள், கிளட்ச் வழுக்கும். மோட்டாருக்கான போர் ஸ்ட்ரோக் ஆயில்தான் வேண்டும். செயினை ரொம்ப இறுக்காதீர்கள்; ஆளும் பையும் ஏறினால் அது தானாக இன்னும் இறுகும். தாப்பாவுக்கு இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் பிடிக்க ப்ரீ கியரில், அதாவது நியூட்ரலில், விடுகிறவர்கள் நம் ஊரில் நிறைய. செய்யாதீர்கள். மூன்றாவது கியரில் இறங்கினால் எஞ்சினே பாதி பிரேக் பிடிக்கும்.

மற்றவர்கள் இதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அக்கா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் போனார்.

4. வழி

முதல் நாள் இரவு அக்கா பாதி வழியில் சிரம்பானில், மாதா கோயிலில் பழக்கமான ஒருவர் வீட்டில் தங்கினார். வழியில் நின்ற இடங்களிலிருந்தெல்லாம் போட்டோ வந்தது. முகம் ஒன்றிலும் இல்லை. மோட்டார், பக்கத்தில் தரையில் படுத்திருக்கும் போத்தல், அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் காலையில் தாமஸ் கடைக்கு வந்தான். லோரியை அணைக்கக்கூட இல்லை.

"ஸ்டெல்லாவுக்கு வலி வந்துருச்சு பாஸ். ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்க. அக்கா எங்க இருக்காளாம்?"

எனக்கும் தெரியாது. அவன் கிண்டல் எதுவும் செய்யாமல் ஸ்டூலில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது.

"தம்பி, ஸ்டெல்லாவுக்கு வலின்னு போன் வந்துச்சு. நான் யோங் பெங் ஊர்கிட்ட நிக்கிறேன். குச்சி கீழ காட்டுது. ஊத்தவா?" என்று கேட்டார் அக்கா.

"போத்தல் என்ன சொல்லுது?"

"உருளுது."

"அப்ப ஊத்தாதீங்க. வேற எடம் பாருங்க."

தாமஸ் எழுந்துவிட்டான். "அங்க புள்ள துடிக்குது, இவ போத்தல உருட்டிக்கிட்டு நிக்கிறா. கெளம்பச் சொல்லுங்க பாஸ்."

அது அக்காவுக்கும் கேட்டிருக்கும். போனில் வண்டியைத் தள்ளும் சத்தம், மூச்சு வாங்கும் சத்தம், டபுள் ஸ்டாண்ட் போடும் சத்தம். பிறகு, "இப்ப உருளல. குச்சியில ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்கு. போதும்ல?"

"போதும்க்கா. போங்க."

மகளுக்கு வலி வந்துவிட்டது என்று தெரிந்த பிறகும் வண்டியை நிறுத்தி, தரையைப் பார்த்து, குச்சியைப் பார்த்துவிட்டுக் கிளம்பிய ஆளை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. பயத்தில் அவர் அங்கே நிறைய ஊற்றியிருந்தால், மறுபடி புகைந்து எங்கேயாவது நடுவழியில் நின்றிருப்பார்.

மத்தியானம் தாமஸின் போனுக்குச் செய்தி வந்தது. அக்கா மழைக்கோட்டோடு வார்டுக்குள் நுழைந்திருக்கிறார். ஸ்டெல்லா அந்த வலியிலும், "அம்மா, மொதல்ல கையக் கழுவிட்டு வாம்மா, ஒரே ஆயில்" என்றாளாம். குழந்தை சாயங்காலம்தான் பிறந்தது. பெண்.

5. சிமெண்டு

குழந்தைக்கு முப்பது நாள் முடிந்த பிறகு அக்கா திரும்பினார். நேரே என் கடைக்கு வந்தார். புகை இல்லை, சத்தத்தில் ஒரு பிசிறு இல்லை. ஆயில் மாற்ற வண்டியை உள்ளே தள்ளியதும், பையிலிருந்து போத்தலை எடுத்துத் தரையில் வைத்தார். அது மெதுவாக உருண்டு, பெஞ்சுக்கு அடியில் போய், வேகம் பிடித்து, சாக்கடையில் விழுந்தது.

தாமஸ் வாசலில் நின்று சிரித்தான்.

"ஏன் தம்பி, ஒங்க கடையே இப்படியா?" என்றார் அக்கா.

அந்த வாரமே ஒரு மூட்டை சிமெண்டு வாங்கி, ஒரு மோட்டார் நிற்கும் அளவுக்குத் தரையை மட்டம் செய்தேன். காய்ந்ததும் அக்காவை வரச் சொன்னேன். அவர் போத்தலை நீளவாக்கில் வைத்தார், குறுக்காக வைத்தார், குனிந்து பார்த்தார். அசையவில்லை.

"இருக்கட்டும்," என்றார்.

மலை ஏறி வருகிற பிள்ளைகள் எந்த ஆயில் நல்லது, எது விலை உயர்ந்தது என்றுதான் என்னிடம் கேட்கிறார்கள். நான் வண்டியை அந்த இடத்தில் நிறுத்தச் சொல்கிறேன். முதலில் தரையைப் பாருங்கள். குச்சியைப் பிறகு பார்க்கலாம்.