ஊருக்கே தெரிந்த ரகசிய சுவிட்ச்

கொரோனா ஓய்ந்து, தொழில் மறுபடி நிமிர்ந்து வந்த வருடம். ஆடி மாதம் எங்கள் குப்பத்து அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய நாள். பழவேற்காட்டுப் பாலத்தைத் தாண்டினால், ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கும் மணல் மேட்டில்தான் எங்கள் ஊர். அன்று மதியம் ஊரே கோயில் பந்தலில் இருந்தபோது, வலை காயப்போடும் திடலில் நின்ற என் அண்ணனின் லோடு வண்டி பட்டப்பகலில் காணாமல் போனது. அண்ணன் என்றால் என் பெரியப்பா மகன்.

அதற்கு முன்பே பக்கத்து ஊர்களில் ஒன்றிரண்டு வண்டிகள் போயிருந்தன. அப்போதும் நாங்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் வண்டிச் சாவியை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. அது வண்டியிலேயே தொங்கும். ஏரியில் படகைக் கரையேற்றும்போது, தள்ளுகிற கழியைப் படகிலேயே போட்டுவிட்டு வருவது எங்கள் வழக்கம். அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் அந்தப் படகை எடுத்துப் போகலாம். எடுத்தவர் கொண்டுவந்து கட்டிவிடுவார். வண்டிகள் வந்த பிறகு அதே முறை வண்டிக்கும் வந்துவிட்டது. யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால், ஓட்டத் தெரிந்த ஒருவர் திடலில் நிற்கும் வண்டியை எடுத்துக்கொண்டு பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். சொந்தக்காரரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது, அவர் ஏரி நடுவில் இருப்பார். ஆம்புலன்சும் கூப்பிட்டால் வரும்தான். ஆனால் பாலம் தாண்டி, மணல் பாதையில் உள்ளே வந்து திரும்ப வேண்டிய தூரம் அப்படி.

அண்ணன் வண்டி சாவியோடு போய்விட்டது. போலீசில் எழுதிக்கொடுத்தும் கிடைக்கவில்லை. அவர் வேறொருவர் படகில் கூலிக்கு ஏறினார். அது ஒரு பக்கம் இருக்க, ஊருக்குள் ஒரு பேச்சு கிளம்பியது. அன்று எல்லோரும் கோயிலில் இருப்போம் என்று வெளியாளுக்கு எப்படித் தெரியும்? சாவி வண்டியில்தான் இருக்கும் என்று சொன்னது யார்? உள்ளூர் ஆள் யாரோ துப்புக் கொடுத்திருக்கிறார் என்றார்கள். பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஒருவரையொருவர் பார்க்கிற பார்வை மாறிவிட்டது. டீக்கடையில் இருவர் பேசிக்கொண்டிருக்கும்போது மூன்றாவது ஆள் வந்தால் பேச்சு நின்றது.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. பத்தாவதோடு படிப்பு நின்றது. கல்யாணமான நாளிலிருந்து ஊர்க் கூட்டத்துக்குப் போகிறேன். ஆனால் கடைசி வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிவிட்டு வந்ததோடு சரி. எனக்கும் அண்ணனுடையதைப் போல ஒரு பழைய லோடு வண்டி இருக்கிறது. காலையில் நண்டு, இறால், மீன் பெட்டிகளை ஐஸ் போட்டுப் பொன்னேரி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவேன். போகிற வழியில் கூடை வியாபாரம் செய்யும் பெண்களின் கூடைகளை பொன்னேரி ரயில்வே ஸ்டேஷனில் இறக்குவேன். மதியத்துக்கு மேல் வண்டியைத் திடலில் விட்டுவிட்டு ஏரியில் வலை விடப் போவேன். ஏரியில் கிடைப்பது சாப்பாட்டுக்கு, வண்டியில் வருவதுதான் குடும்பத்துக்கு. கடலுக்குப் போக என் தோள் இனி இடம் கொடுக்காது. எனவே ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தேன். என்ன ஆனாலும் என் வண்டி போகக் கூடாது.

பொன்னேரியில் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை செய்கிற பாய் ஒருவர் எனக்குப் பழக்கம். அவரிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். முதலில் கியர் லாக் போட்டார். பின்கதவுக்கு ஒரு கனமான பித்தளைப் பூட்டு மாட்டினார். இரும்புப் பூட்டு எங்கள் ஊர் உப்புக் காற்றில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது, திருடனுக்கு முன்னால் துரு வந்து திறந்துவிடும் என்று சிரித்தார். மூன்றாவதாக, இன்ஜினுக்கு டீசல் போகாமல் நிறுத்துகிற சின்ன சுவிட்ச் ஒன்றை மறைவாக வைத்தார். சாவி போட்டுத் திருப்பினால் விளக்கெல்லாம் எரியும், செல்ஃப் மோட்டார் சுற்றும், ஆனால் இன்ஜின் மட்டும் பிடிக்காது. சுவிட்சைத் தட்டினால்தான் பிடிக்கும். அது எங்கே இருக்கிறது என்று இங்கே எழுத மாட்டேன், மன்னிக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் பாய் என்னை ஓரமாக அழைத்துப் போய்ச் சொன்னார்.

"அண்ணே, இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். வீட்ல அண்ணிக்குக்கூடச் சொல்லாதீங்க. ஒரு வாய்க்குத் தெரிஞ்சா ஒம்போது வாய்க்குத் தெரியும். அப்புறம் பேஜாரு."

அப்படியே செய்தேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சாவியையும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

மறுநாள் காலை பெட்டி ஏற்றும்போது எல்லோரும் வந்து பூட்டுகளைத் தொட்டுப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா நண்டு வியாபாரம் செய்கிறவர், ஊரிலேயே வாய் அதிகம் உள்ளவர். அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இன்னா தம்பி, வண்டிக்கு இவ்ளோ நகை போட்டு வச்சிகிற? கண்ணாலம் எப்போ, எங்களுக்கெல்லாம் பத்திரிகை உண்டா?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கூட்டம் கலைந்த பிறகு அவர் கூடையைத் தூக்கி வைத்தபடி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பூட்டு திருடனுக்கா, எங்களுக்கா?" என்றார். நான் பின்கதவைச் சாத்திப் பித்தளைப் பூட்டை மாட்டினேன்.

புரட்டாசியில் ஒரு நாள் அந்த அக்காவின் மகளுக்குப் பிரசவ வலி வந்தது. தலைப்பிரசவம், நாள் இன்னும் இருந்தது. நான் சாப்பிட்டுவிட்டு ஏரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். அக்கா ஓடிவந்தார். பூட்டுகளைத் திறந்து, பெண்ணை முன்சீட்டில் உட்காரவைத்து, அக்கா அவளை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, பொன்னேரிக்கு விரட்டினேன். எந்தக் குறையும் இல்லாமல் பெண் குழந்தை பிறந்தது. அன்று போகும் வழியில் பாலத்தின் மேல் அக்கா ஒரே ஒரு தடவை பேசினார். எப்போதும் பேசுகிற குரலில் இல்லை.

"நீ ஏரியில இருந்திருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன் தம்பி?"

நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். சாவி என் வீட்டு ஆணியில் இருந்திருக்கும். அதை எடுத்து வந்தாலும் கியர் அசைந்திருக்காது. கியர் அசைந்தாலும் இன்ஜின் பிடித்திருக்காது. அந்த சுவிட்ச் எங்கே என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஊர்க்காரன் ஏரி நடுவில் இருந்திருப்பேன்.

அதற்குப் பிறகு பல நாள் இதையே யோசித்தேன். பூட்டைக் கழற்றிப் போட்டுவிடலாமா என்றால், அண்ணன் கூலிக்குப் போகிறது கண்ணெதிரே தெரிந்தது. கழற்றவே மாட்டேன். ஆனால் திடலில் நிற்கும் வண்டி ஊருக்கு உதவாமலும் இருக்கக் கூடாது. இரண்டும் நடந்தாக வேண்டும். இரண்டையும் நடத்த ஒரு வழிதான் எனக்குத் தெரிந்தது. சுவிட்ச் இருக்கும் இடத்தை ஊருக்கே சொல்லிவிடுவது.

முதலில் மனைவியிடம் சொன்னேன். அவள் வந்து சுவிட்சைத் தட்டிப் பார்த்தாள். "இதையா இத்தினி நாளா எங்கிட்ட மறைச்சு வச்சினு இருந்த?" என்று கேட்டு, இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. முகம் கொடுத்த பிறகு, ஊர் முழுக்கச் சொல்லிவிட்டால் அப்புறம் பூட்டு எதற்கு, இதற்கு அதைக் கழற்றி ஏரியில் போட்டுவிடலாமே என்றாள். ஊருக்குள்ளேயே ஒரு துப்பு சொல்கிறவன் இருந்தால் என்ன செய்வாய் என்றும் கேட்டாள். அந்தக் கேள்விதான் என்னையும் அரித்துக்கொண்டிருந்தது. பாயிடம் சொன்னபோது அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

இருந்தாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோயில் பக்கத்தில் ஊர்க் கூட்டம் நடந்தபோது, மற்ற விஷயங்கள் முடிந்ததும் எழுந்து நின்றேன். நான் எழுந்ததையே நம்பாமல் ஊர்த் தலைவர் என்னைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த அண்ணன் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து நீட்டினார். குடித்துவிட்டுச் சொன்னேன். என் வண்டிச் சாவி நாளையிலிருந்து மறுபடி வண்டியிலேயே தொங்கும், கியர் லாக்கை வெளியூரில் நிறுத்தும்போது மட்டும் போடுவேன், ஆனால் ஒரு ரகசிய சுவிட்ச் இருக்கிறது, அதை எல்லோருக்கும் காட்டப் போகிறேன் என்று.

ஒருவர் எழுந்து, "எவனாவது ஒருத்தன் வெளிய போய்ச் சொல்லிட்டா? வண்டி போனா போவட்டும்னு விட்டுடுவியா?" என்றார்.

"போகக் கூடாதுனுதான் காட்டுறேன். எனக்கு மட்டும் தெரிஞ்சா நான் ஒருத்தன்தான் காவல். உங்க எல்லாருக்கும் தெரிஞ்சா நீங்க எல்லாரும் காவல்."

இவ்வளவுதான் பேசினேன். இதற்கே முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. பிறகு அண்ணன் எழுந்து, திடலில் நின்ற வண்டியை நோக்கி நடந்தார். வண்டியைப் பறிகொடுத்தவரே முதலில் போனதும் மற்றவர்களும் எழுந்தார்கள். ஆண்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். அதோடு முடிந்தது என்று தலைவர் நினைத்தார். பெண்களும் பார்க்க வேண்டும் என்றேன். பகலில் ஆண்கள் தண்ணீரில் இருக்கும்போது ஊரில் இருப்பவர்கள் அவர்கள்தானே. கூட்டத்துக்குப் பெண்கள் வருவதில்லை என்பதால் தலைவர் யோசித்தார். கூட்டம்தான் முடிந்துவிட்டதே, இது வண்டி பார்ப்பதுதானே என்று அண்ணன் சொன்னார். பெண்கள் வரிசையாக வந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டே சுவிட்சைத் தட்டி, இன்ஜின் பிடித்ததும் என்னைப் பார்த்தார். கிண்டல் எதுவும் வரவில்லை.

அதன் பிறகு நான் ஏரியில் இருந்தபோது இரண்டு தடவை வண்டி எனக்குத் தெரியாமலே பொன்னேரிக்குப் போய்வந்தது. ஒருவரைத் திருக்கை மீனின் முள் குத்தியிருந்தது. இன்னொருவர் மயங்கி விழுந்திருந்தார். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள்.

தை மாதத்தில் நான் கண் பரிசோதனைக்காகச் சென்னைக்குப் பஸ் ஏறிப் போயிருந்தேன். அன்று நடந்ததை நான் பார்க்கவில்லை, அக்கா சொன்னதைத்தான் சொல்கிறேன். ஆண்கள் தொழிலில் இருந்தார்கள். பெண்கள் திடலில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்கள். பைக்கில் இரண்டு பேர் வந்து, பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு, ரொம்பப் பழகினவர்கள் மாதிரி என் வண்டியில் ஏறினார்கள். சாவி அங்கேயே தொங்கியது. திருப்பினார்கள். செல்ஃப் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. அக்கா போய் யார் என்று கேட்டார். வண்டிக்காரர்தான் பொன்னேரிக்கு எடுத்து வரச் சொல்லி அனுப்பினார் என்றார்கள். அப்படியா, எடுத்துப் போங்கள் என்று சொல்லிவிட்டு அக்கா திரும்பி வந்து உட்கார்ந்து நண்டு கழற்ற ஆரம்பித்தார். அவர்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்து, கடைசியில் பேட்டரி வீக் போலிருக்கிறது, கொஞ்சம் தள்ளிவிடுங்கள் என்று கேட்டார்கள்.

அக்கா மற்றவர்களைக் கூப்பிட்டார். "வாங்கடி, வண்டி தள்ளணுமாம்."

எல்லாப் பெண்களும் எழுந்து வந்தார்கள். வீட்டுக்குள் இருந்தவர்களும் வந்தார்கள். பின்னால் மட்டும் நிற்காமல், முன்னாலும் இரண்டு பக்கமும் நின்று வண்டியில் கையை வைத்தார்கள். பிறகு அக்கா டிரைவர் பக்கத்து ஜன்னலில் சாய்ந்துகொண்டு கேட்டாராம்.

"அவன் அனுப்பின ஆளுன்னா, எங்க கைய வைக்கணும்னு சொல்லி அனுப்பியிருப்பானே. இந்த ஊர்ல குழந்தைக்குக்கூடத் தெரியும். வையி பாப்போம்."

இருவரும் மறுபக்கக் கதவு வழியாகக் குதித்து ஓடினார்கள். பைக்கை எடுக்கப் பார்த்தபோது அது மணலில் புதைந்து சாய்ந்தது. அதை அப்படியே போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினார்கள். அந்த பைக்கை வைத்துத்தான் போலீஸ் அவர்களைப் பிடித்தது. அண்ணன் வண்டியை எடுத்ததும் அவர்கள்தான். அதைப் பிரித்து விற்றுவிட்டார்கள், திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் ஒன்று தெளிவானது. எங்கள் ஊரில் யாரும் அவர்களுக்குத் துப்புச் சொல்லவில்லை. எங்கள் ஊரை ஒட்டிய காட்டுப்பள்ளி ரோட்டில் போகும்போதே, ஓரத்தில் நிற்கும் வண்டிகளில் சாவி தொங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். எல்லோரும் எங்கே இருக்கிறார்கள் என்று கோயில் ஒலிபெருக்கியே அவர்களுக்குச் சொல்லியிருக்கிறது. இது போலீஸ் ஸ்டேஷனிலிருந்து தெரியவந்த நாளில், அண்ணன் டீக்கடையில் இருந்த எல்லோருக்கும் டீ சொன்னார்.

அந்த இருவரும் வந்து ஓடிய அன்று சாயங்காலம் நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது, பெண்கள் இன்னும் வண்டியைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தார்கள். நண்டெல்லாம் கழற்றி முடிந்துவிட்டது. சும்மாதான் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா என்னைப் பார்த்து, "வண்டிக்கு ஒண்ணும் ஆவல தம்பி, பேட்டரிதான் செத்துப்போச்சு" என்றார்.

இப்போது பக்கத்து ஊர்களில் வண்டி வைத்திருப்பவர்கள் எந்தப் பூட்டு நல்லது என்று என்னிடம் கேட்க வருகிறார்கள். பித்தளைப் பூட்டைப் பற்றியும் கியர் லாக் பற்றியும் சொல்லி, பாய் கடைக்கும் கூட்டிப்போகிறேன். அண்ணனும் ஒரு பழைய வண்டி பார்த்து வைத்திருக்கிறார். அதற்கும் அதே சுவிட்ச்தான், வேறு இடத்தில். ஆனால் சுவிட்ச் வைப்பதற்கு முன், அதை யாருக்கெல்லாம் காட்டப் போகிறீர்கள் என்று முடிவு செய்துகொண்டு வாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை. ஊரை நம்பி ஒருமுறை பேசிவிட்டேன், என் ஆயுசுக்கு அந்த ஒரு பேச்சு போதும் என்றுதான் இன்றைக்கும் தோன்றுகிறது.